மடக்குக் கத்தி வாங்குவோர் கவனத்துக்கு: திறக்கும் முறையைப் பார்த்துத் தேர்வு செய்வது எப்படி? மாந்தோப்பு முதல் அலிபிரி சோதனைச் சாவடி வரை ஒரு விளக்கம்

திருப்பதி: பழம் நறுக்கவும், மூட்டைக் கயிற்றை அறுக்கவும், மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டவும் பையில் அடங்கும் ஒரு மடக்குக் கத்தி போதுமானது. தமிழில் பேனாக் கத்தி என்றும் தெலுங்கில் சாகு என்றும் வழங்கும் இந்தச் சிறு கருவி, கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் இன்று பல வடிவங்களில் கிடைக்கிறது. நகத்தால் இழுத்துத் திறப்பவை, கட்டைவிரலால் தள்ளித் திறப்பவை, பட்டனை அழுத்தியதும் தானாகப் பாய்ந்து திறப்பவை என அவற்றின் திறக்கும் முறைகள் வேறுபடுகின்றன.

வாங்குவோர் பெரும்பாலும் அலகின் நீளம், எஃகின் தரம், விலை ஆகியவற்றையே பார்க்கின்றனர். ஆனால் விரலுக்கு ஆபத்து நேருமா, கத்தி பல ஆண்டுகள் உழைக்குமா, சோதனைச் சாவடியில் கேள்வி எழுமா என்பவற்றில் திறக்கும் முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்த வேறுபாடு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. 2022 ஏப்ரல் 4-ம் தேதி பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து முக்கியப் பகுதிகள் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் உருவானது. கிளிமூக்கு மாம்பழம் என்று தமிழகத்தில் அறியப்படும் தோத்தாபுரி விளையும் தோப்புகள் ஒருபுறம், லட்சக்கணக்கான பக்தர்கள் செல்லும் திருமலை மறுபுறம், அதைச் சுற்றிலும் சேஷாசலம் மலைத்தொடரின் பாதுகாக்கப்பட்ட வனம் என்பது இப்பகுதியின் அமைப்பு. தோப்பில் அன்றாடம் கையாளப்படும் கத்தி, அடுத்த ஒரு மணி நேரப் பயணத்தில் தடை செய்யப்பட்ட பொருளாகிவிடக்கூடும்.

திறப்பு வேறு, பூட்டு வேறு

மடக்குக் கத்தியில் இரண்டு அமைப்புகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்று, கைப்பிடிக்குள் மடிந்திருக்கும் அலகை வெளியே கொண்டுவரும் திறப்பு அமைப்பு. மற்றொன்று, வெளியே வந்த அலகு வேலையின்போது மடங்கிவிடாமல் நிறுத்திவைக்கும் பூட்டு. விளம்பரங்களில் இவை இரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதால் குழப்பம் ஏற்படுகிறது. எளிதில் திறக்கும் கத்தி உறுதியாகப் பூட்டிக்கொள்ளும் என்று கூற முடியாது. திறக்கச் சற்றுச் சிரமம் தரும் கத்தி பாதுகாப்பற்றது என்றும் கூற முடியாது.

மடக்குக் கத்தியால் ஏற்படும் காயங்களில் ஒரு வகை திறக்கும்போதும் மூடும்போதும் நேர்வது. மற்றொரு வகை, வேலையின் நடுவே அலகு விரல்களின் மீது மடங்குவதால் நேர்வது. முதல் வகைக்குத் திறப்பு அமைப்பும் இரண்டாவது வகைக்குப் பூட்டும் பொறுப்பாகின்றன.

நகக்குழி: பழைமையான எளிய முறை

அலகின் பக்கவாட்டில், முதுகை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதில் கட்டைவிரல் நகத்தைப் பதித்து இழுத்தால் அலகு வெளியே வரும். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் 1884-ல் தொடங்கிய பட்டறை, 1891-ல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்திகளை வழங்கத் தொடங்கியது. 1897-ல் அதிகாரிகளுக்கான பல்கருவிக் கத்தியையும் அது அறிமுகம் செய்தது. இன்று விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் சிவப்புநிறக் கத்திகள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் அலகுகள் இன்றும் பெரும்பாலும் நகக்குழி கொண்டவையே.

இவ்வகைக் கத்தியைத் திறக்க இரண்டு கைகளும் தேவை. கைப்பிடியின் முதுகில் உள்ள வில்தகடு, அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்திருக்கும். மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் அந்த அழுத்தமே அலகை நிறுத்துகிறது. இது பூட்டு ஆகாது. அலகின் முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தால் கத்தி மடங்கிவிடும். பழம் நறுக்குதல், உறை பிரித்தல், நூல் அறுத்தல் ஆகிய வேலைகளில் அழுத்தம் கூரான பக்கமே விழுவதால் சிக்கல் இல்லை. துளையிடுதல், குத்திக் கிழித்தல் ஆகியவற்றுக்கு இவ்வகை பொருந்தாது.

நகக்குழியின் பெரும் நன்மை, கத்தி பையில் தானாகத் திறந்துகொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதாகும். இரண்டு கைகளும் கத்தியில் இருப்பதால், திறப்பவரின் கவனமும் அதன் மீதே இருக்கும். குறைபாடுகளும் உண்டு. ஈரக் கையில் நகம் வழுக்கும். நகம் ஒட்ட வெட்டியவர்களுக்கும் விரல் மூட்டுவலி உள்ள முதியோருக்கும் கடினம். பல கத்திகளில் நகக்குழி வலக்கைப் பழக்கமுள்ளோருக்கு ஏற்ற பக்கத்தில் மட்டுமே இருப்பதால், இடக்கைப் பழக்கமுள்ளோர் வாங்குமுன் திறந்து பார்ப்பது நல்லது.

மரக் கைப்பிடியும் சுழல் வளையமும்

பிரான்சின் சவாய் பகுதியில் 1890-ல் ஜோசப் ஒபினெல் உருவாக்கிய கத்தி, விவசாயிகளின் கத்தியாகவே புகழ் பெற்றது. மரக் கைப்பிடி, ஒரே அலகு, ஓர் அச்சாணி என்பதே அதன் அமைப்பு. கைப்பிடியின் வாயில் உள்ள உலோக வளையத்தைத் திருப்பி அலகை உறுதியாக நிறுத்தும் பூட்டு 1955-ல் சேர்க்கப்பட்டது. திறப்பதற்கு நகக்குழி, நிறுத்துவதற்குச் சுழல் வளையம் என இரண்டு அமைப்புகளும் தெளிவாகப் பிரிந்து நிற்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதில் வில்லோ ஸ்பிரிங்கோ இல்லை. ஆகவே உடைந்து போகக்கூடிய நுண்பாகங்கள் குறைவு. மண்ணும் பழச்சாறும் படிந்தாலும் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால் மரம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பி, அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரமான தோப்பில் வைத்திருந்தால் திறப்பதே சிரமமாகிவிடும். பூட்டைத் திருப்ப மறந்தால் அலகு மடங்கும் ஆபத்தும் உண்டு. வளையத்தைத் திருப்புவது பயன்படுத்துவோரின் பழக்கத்தைப் பொறுத்தது.

ஒரு கையால் திறப்பவை

கிளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைத் திறக்க வேண்டிய நிலை தோப்பில் அடிக்கடி ஏற்படும். ஏணி மீது நிற்பவருக்கும் கால்நடையின் கயிற்றைப் பிடித்திருப்பவருக்கும் இதே தேவை உண்டு. இதற்கென உருவானவையே ஒரு கையால் திறக்கும் கத்திகள். இவற்றில் மூன்று முறைகள் பரவலாக உள்ளன.

முதலாவது, அலகின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்ட சிறு குமிழ். கட்டைவிரலால் அதைத் தள்ளினால் அலகு வளைந்து வெளியே வரும். பல கத்திகளில் குமிழ் இரு பக்கமும் இருப்பதால் எந்தக் கைக்கும் பொருந்தும். எண்ணெய் அல்லது சாறு படிந்த விரல் குமிழிலிருந்து வழுக்கிக் கூரான பக்கம் செல்லும் ஆபத்து இதில் உண்டு.

இரண்டாவது, அலகிலேயே குடையப்பட்ட துளை. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-ல் வெளியிட்ட கத்தியில் வட்டத் துளை இடம்பெற்றது. விரலின் சதைப்பகுதி துளைக்குள் சற்றே பதிவதால் குமிழைவிடப் பிடிமானம் அதிகம். கையுறை அணிந்தவர்களும் எளிதில் திறக்கலாம். துளைக்காக அலகு அகலமாக அமைவதால் பையில் இடம் கூடுதலாகப் பிடிக்கும்.

மூன்றாவது, ஃப்ளிப்பர் எனப்படும் துருத்து தகடு. மூடிய நிலையில் கைப்பிடியின் முதுகுப் பக்கம் அலகின் ஒரு சிறு நீட்சி வெளியே தெரியும். ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினால் அலகு வேகமாகச் சுழன்று திறந்துகொள்ளும். திறந்தபின் அதே தகடு விரலுக்கும் அலகுக்கும் இடையே தடுப்பாக நிற்பது இதன் நன்மை. அலகு வேகமாக வெளிவருவதால், பேருந்திலோ கூட்டத்திலோ திறப்பது அருகில் இருப்பவருக்கு ஆபத்தாகவும் அச்சமூட்டுவதாகவும் அமையும்.

இந்த மூன்று வகைகளிலும் பல கத்திகளில் மூடிய அலகைப் பிடித்து வைப்பது, கைப்பிடியின் உள்தகட்டில் பதிக்கப்பட்ட சிறு குண்டும் அது அமரும் குழியுமே ஆகும். பல கத்திகளில் இந்தப் பிடிப்பு தளர்ந்திருந்தால், பையில் மற்ற பொருள்களோடு உரசி அலகு பாதி திறந்துகொள்ளும். வாங்குமுன் கட்டாயம் சோதிக்க வேண்டிய இடம் இது.

ஸ்பிரிங் உதவியும் பட்டன் கத்தியும்

ஒரு கையால் திறப்பவற்றில் சிலவற்றுக்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். பயன்படுத்துபவர் குமிழையோ தகட்டையோ சிறிது தூரம் தள்ளியதும், மீதித் தூரத்துக்கு அந்த ஸ்பிரிங் அலகைத் தள்ளிவிடும். இவை உதவித் திறப்புக் கத்திகள் எனப்படுகின்றன.

பட்டன் கத்தியில் நிலைமை வேறு. அதில் ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். கைப்பிடியில் உள்ள பட்டனை அழுத்தியதும் தடுப்பு விலகி, அலகு தானாகப் பாயும். சிலவற்றில் அலகு பக்கவாட்டில் சுழன்று திறக்கும். சிலவற்றில் கைப்பிடியின் முன்பக்கம் நேராக வெளிவரும். பையில் இருக்கும்போது தற்செயலாகப் பட்டன் அழுந்தினாலும் அலகு திறந்துகொள்ளும் என்பது இதன் அடிப்படை ஆபத்து.

இந்தியாவில் இவ்வகையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். திரைப்படங்கள் வழியாக 'ராம்பூரி' என்ற சொல்லே வன்முறையின் அடையாளமாக நாடெங்கும் பரவியது. திறக்கும்போது பற்சக்கரம் உரசி 'கரகர' ஒலி எழுப்பும் வகையும் அங்கு செய்யப்பட்டது. அந்தக் கைத்தொழிலின் நினைவாக 2023-ல் ராம்பூர் நகரில் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள பெரிய கத்தி ஒன்று நாற்சந்தியில் நிறுவப்பட்டது.

வீட்டு வேலைக்கோ தோப்பு வேலைக்கோ பட்டன் கத்தி தரும் தனி நன்மை எதுவும் இல்லை. ஒரு கையால் திறக்கும் வசதி குமிழிலும் துளையிலும் ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. திறப்பதில் மிச்சமாகும் அரை நொடிக்காக, கூடுதல் பழுதையும் சட்டச் சிக்கலையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

பூட்டு வகைகளில் கவனிக்க வேண்டியவை

பூட்டு உள்ள மடக்குக் கத்திகளில் இரண்டு வகைகள் அதிகம் காணப்படுகின்றன. முதுகுப் பூட்டில், கைப்பிடியின் முதுகில் உள்ள தண்டின் நுனி, அலகின் அடியில் வெட்டப்பட்ட பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். மூடுவதற்கு முதுகுத் தண்டை அழுத்த வேண்டும். 1964-ல் அமெரிக்காவில் வெளியான பக் 110 என்ற கத்தி இவ்வகையைப் பரவலாக்கியது. இதை இரு கைப் பழக்கமுள்ளோரும் ஒரே மாதிரி பயன்படுத்தலாம். மூடும்போது விரல்கள் அலகின் பாதையில் குறுக்கிடுவதும் குறைவு. பள்ளத்தில் மண்ணோ பிசினோ அடைத்தால் தண்டு முழுமையாக விழாமல், பூட்டியதுபோல் தோன்றி ஏமாற்றும்.

லைனர் லாக் எனப்படும் தகட்டுப் பூட்டில், கைப்பிடியின் உள்தகடு ஒன்று வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கும். இதன் இன்றைய வடிவம் 1980-களில் பரவலானது. ஒரு கையாலேயே திறந்து மூட முடியும் என்பது வசதி. ஆனால் மூடும்போது தகட்டை விலக்கும் கட்டைவிரல், மடங்கிவரும் அலகின் பாதையிலேயே இருக்கும். பெரும்பாலான மாதிரிகள் வலக்கைக்காகவே செய்யப்பட்டவை.

எந்தப் பூட்டாக இருந்தாலும் மடக்குக் கத்தி ஒருபோதும் மடங்காக் கத்திக்கு இணையாகாது. நெம்புவதற்கும், சுத்தியலால் தட்டிப் பிளப்பதற்கும், தேங்காய் உடைப்பதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மாந்தோப்பில் எது உழைக்கும்?

சித்தூர் பகுதி மாம்பழக் கூழ்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தோத்தாபுரியே அதன் முதன்மை ரகம். பங்கனப்பள்ளி, நீலம் ஆகியவையும் இங்கு பயிராகின்றன. மாங்காயின் காம்பை ஒடித்தால் பீறிடும் பால், பழத்தோலில் பட்டால் கறுத்த தழும்பை உண்டாக்கும். மனிதத் தோலிலும் சிலருக்கு அரிப்பையும் கொப்புளத்தையும் ஏற்படுத்தும். அதே பால் கத்தியின் அச்சாணியில் புகுந்து உலர்ந்தால் பிசின்போல ஒட்டிக்கொள்ளும்.

இங்குதான் திறக்கும் முறையின் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். ஓர் அச்சாணி மட்டுமே கொண்ட நகக்குழிக் கத்தி, பால் படிந்தாலும் சற்றுக் கூடுதல் விசையோடு திறக்கும். விரல் விசையையே நம்பும் குமிழ், துளை வகைகளும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சிறு குண்டுகள் மீது சுழலும் ஃப்ளிப்பர் கத்தியில் தூசியும் பாலும் புகுந்தால் வேகம் குறைந்து, அலகு பாதியில் நின்றுவிடும். ஸ்பிரிங் உதவியோடும் பட்டனாலும் திறப்பவற்றில் அலகு முழுமையாகத் திறக்காமலும் பூட்டு விழாமலும் போகலாம். திறந்துவிட்டது என்று நம்பி அழுத்தம் கொடுக்கும் கைக்கு அதுவே ஆபத்து.

ஒட்டுக் கட்டுவதற்கு வேறு அளவுகோல் தேவை. மாங்கொட்டையிலிருந்து முளைத்த இளங்கன்றின் தண்டைக் கிடையாக வெட்டி, நடுவே சில சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய தாய்மரக் குச்சியை அதில் பொருத்துவது ஒரு முறை. வெட்டு ஒரே இழுப்பில், நேராக, மழமழப்பாக அமைந்தால்தான் இரண்டு தண்டுகளின் உயிர்த்திசுக்களும் இடைவெளியின்றிச் சேரும். அலகு பக்கவாட்டில் சிறிது ஆடினாலும் வெட்டு அலைபாயும். ஒட்டுப் பிடிக்காமல் போகும்.

ஆகவே ஒட்டுக் கத்தியில் திறக்கும் வேகத்துக்கு இடமில்லை. திறந்தபின் அலகு அசையாமல் நிற்பதே முதன்மை. இதற்கென விற்கப்படும் ஒட்டுக் கத்திகளில் பல, நகக்குழியால் திறப்பவையாகவும், ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த அலகு கொண்டவையாகவும் இருக்கின்றன. மொட்டு ஒட்டுக்கான கத்தியில் மரப்பட்டையை விலக்கும் மழுங்கிய நாக்கு ஒன்றும் இணைந்திருக்கும். ஒரு கன்றிலிருந்து அடுத்த கன்றுக்கு நோய் பரவாமல் இருக்க, அலகை ஆல்கஹால் கொண்டு துடைப்பது அவசியம். எளிய அமைப்பு கொண்ட கத்தியை இவ்வாறு அடிக்கடி துடைப்பது சுலபம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்குவதற்கோ தற்காப்புக்கோ என வடிவமைக்கப்பட்ட பொருள்களையே ஆயுதம் என்கிறது. வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்களை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுத வகைப்பாட்டில் குறிப்பிடுகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. சாதாரணப் பேனாக் கத்தி இந்த அளவை எட்டுவதில்லை.

இருப்பினும் அதே சட்டத்தின் 4-வது பிரிவு, குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வகைக் கத்திகளுக்கு உரிமம் கட்டாயம் என அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. டெல்லியில் 1980-ல் வெளியான அறிவிக்கை இதற்குச் சான்று. ஸ்பிரிங்கால் திறப்பவை, பற்சக்கரம் கொண்டவை, பட்டன் கொண்டவை, பிற இயந்திர அமைப்பால் திறக்கவோ மூடவோ செய்பவை ஆகிய கத்திகளை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அலகு 7.62 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமும், 1.72 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ அகலமும் கொண்டிருந்தால் அது பொருந்தும்.

இந்த அளவு தோராயமாக 3 அங்குலம் மட்டுமே. அதாவது, பொது விதியில் 9 அங்குலமாக இருக்கும் எல்லை, திறக்கும் முறை மாறியதும் 3 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. டெல்லி அறிவிக்கை ஆந்திராவுக்கோ தமிழகத்துக்கோ தானாகப் பொருந்தாது. ஆயினும் இங்கிருந்து டெல்லிக்குச் செல்லும் லாரி ஓட்டுநரோ மாணவரோ பையில் பட்டன் கத்தியை வைத்திருந்தால், அது அங்கே வழக்குக்கு உரியதாகலாம்.

அலிபிரி, வனம், விமான நிலையம்

திருமலை செல்லும் வாகனங்களும் பக்தர்களின் உடைமைகளும் அலிபிரியில் சோதனை செய்யப்படுகின்றன. மது, புகையிலை, அசைவ உணவு ஆகியவற்றோடு ஆயுதங்களுக்கும் மலையில் தடை உள்ளது. பழம் நறுக்கக் கொண்டுவந்த சிறு கத்தி என்று விளக்கம் அளிக்கும் நிலையைத் தவிர்க்க, எந்த வகைக் கத்தியையும் விடுதியிலோ வீட்டிலோ விட்டுச் செல்வதே சிறந்தது.

நடைபாதையில் வனவிலங்கு அச்சம் காரணமாகக் கத்தி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் சிலருக்கு எழக்கூடும். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி 6 வயதுச் சிறுமி உயிரிழந்த பிறகு, நடந்து செல்லும் பக்தர்களுக்கு ஊன்றுகோல் வழங்கத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடவடிக்கை எடுத்தது. குழுவாகச் செல்வதும் குழந்தைகளைக் கைப்பிடியில் வைத்திருப்பதுமே அங்கு உண்மையான பாதுகாப்பு. சிறுத்தையின் முன் மடக்குக் கத்தியால் பயன் இல்லை.

வனத்துக்குள் சட்டம் இன்னும் கடுமையானது. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 'ஆயுதம்' என்பதன் வரையறையில் கத்தியையும் சேர்த்துள்ளது. அதன் 31-வது பிரிவின்படி, முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி பெறாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. இந்தத் தடை தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். 1989-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும், சித்தூர் மாவட்டத்தில் யானைகள் வாழும் கௌண்டின்யா சரணாலயமும் இதில் அடங்கும். தலைக்கோணம் அருவிக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் இதை நினைவில் கொள்ள வேண்டும். இங்கு திறக்கும் முறையோ அலகின் நீளமோ பேதம் ஏற்படுத்துவதில்லை.

ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையம் உள்ளிட்ட அனைத்து விமான நிலையங்களிலும் கத்தியைக் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது. ஒப்படைக்கும் பெட்டியில் வைத்து அனுப்பலாம். சாவிக்கொத்தில் தொங்கும் சிறு கத்தியைப் பலர் மறந்துவிட்டுச் சோதனையில் இழப்பதால், புறப்படுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் உறவினர்களுக்கு வாங்குவோர்

பிரிட்டன் 1959-ல் பட்டன் கத்திகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. அங்கு பொது இடத்தில் காரணமின்றி வைத்திருக்கக்கூடியது, பூட்டு இல்லாமல் மடங்கும், கூரான பகுதி 3 அங்குலத்துக்கு மிகாத கத்தி மட்டுமே. பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த அளவைவிடச் சிறியதாக இருந்தாலும், வைத்திருப்பதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். கனடாவில், பட்டனாலோ ஸ்பிரிங்காலோ, புவியீர்ப்பாலோ சுழற்றும் விசையாலோ தானாகத் திறக்கும் கத்தி தடை செய்யப்பட்ட ஆயுதம். லண்டனிலோ டொராண்டோவிலோ உள்ள உறவினருக்குப் பரிசளிக்க விரும்புவோருக்குப் பூட்டில்லாத சிறிய நகக்குழிக் கத்தியே சிக்கல் குறைந்தது.

கடையில் சோதிப்பது எப்படி?

* மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக உதற வேண்டும். அலகு வெளியே நழுவினால் அதை வாங்கக் கூடாது.

* மூடிய நிலையில் அலகின் நுனி கைப்பிடிக்குள் முழுமையாக மறைந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

* பத்து முறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விசையில் திறந்து, ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

* திறந்த அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுக் கட்டுவதற்கான கத்தியில் சிறு ஆட்டமும் கூடாது.

* பூட்டு உள்ள கத்தியாயின், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிவைத்து, அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்த வேண்டும். பூட்டு நழுவக் கூடாது.

* எந்தக் கையால் பயன்படுத்துவோமோ அந்தக் கையாலேயே சோதிக்க வேண்டும். வீட்டு முதியோருக்கு எனில், அவரே திறந்து பார்ப்பது நல்லது.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் மாம்பாலைக் காயவிடாமல் சமையல் எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். அச்சாணியில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, அலகை நான்கைந்து முறை திறந்து மூடினால் போதும். சமையல் எண்ணெயை அச்சாணியிலேயே விட்டுவைத்தால் நாளடைவில் அதுவும் பிசினாகிவிடும். உணவுப்பொருள் நறுக்குமுன் அலகில் எண்ணெய் இல்லாதவாறு துடைப்பது அவசியம். மழுங்கிய கத்திக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதால் அது கூரான கத்தியைவிட ஆபத்தானது. சாணைக்கல்லில் அவ்வப்போது தீட்டுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

யாருக்கு எது?

வீட்டில் பழம் நறுக்கவும் பயணத்தில் உறை பிரிக்கவும், நகக்குழி கொண்ட பூட்டில்லாச் சிறு கத்தி போதுமானது. ஒட்டுக் கட்டும் விவசாயிகளும் நாற்றுப்பண்ணைத் தொழிலாளர்களும், அதற்கென வடிவமைத்த, ஆட்டமில்லாத நகக்குழிக் கத்தியைத் தேர்வு செய்யலாம். ஒரு கை எப்போதும் வேலையில் இருக்கும் தோப்புத் தொழிலாளர்களுக்கு, துளை அல்லது குமிழால் திறந்து, முதுகுப் பூட்டால் நிற்கும் கத்தி பொருந்தும். விரல் வலு குறைந்த முதியோருக்கு அகலமான துளை உள்ள வகை எளிது. ஃப்ளிப்பர், ஸ்பிரிங் உதவி ஆகிய வகைகள் தூசியும் பாலும் இல்லாத இடங்களுக்கே ஏற்றவை. பட்டன் கத்தியை இந்தப் பட்டியலில் எவருக்கும் பரிந்துரைக்க இயலாது.

எந்தக் கத்தியாயினும், திருமலைக்கோ வனத்துக்கோ விமான நிலையத்துக்கோ புறப்படும் நாளில் சட்டைப்பை, கைப்பை, சாவிக்கொத்து, இருசக்கர வாகனத்தின் பெட்டி ஆகியவற்றை ஒருமுறை பார்த்து, கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது பாதுகாப்பானது.